தள்ளத் தெரியாத இயந்திரம்

தசைக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: சுருங்குவது. சுருங்கும்போது தன் இரு முனைகளையும் உள்நோக்கி இழுக்கும். தானாக நீளவோ எதையும் தள்ளவோ அதற்கு வராது. 'கையால் கதவைத் தள்ளுகிறோமே' என்று கேட்கலாம். மேல்கையின் பின்புறமுள்ள தசை முழங்கையின் முனை எலும்பைப் பிடித்து இழுக்கிறது; அதனால் முன்கை நிமிர்ந்து முன்னே போகிறது. கதவைத் தள்ளியது எலும்பு. தசை அங்கேயும் இழுக்கத்தான் செய்தது.

இழுக்க மட்டுமே தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு விலங்குகள் நீந்துகின்றன, வாய் திறக்கின்றன, தண்ணீரைப் பீய்ச்சுகின்றன, கையை நீட்டுகின்றன. எப்படி? இந்தக் கேள்விக்கு எத்தனை விதமான விடைகள் உண்டு என்று பார்க்க ராமநாதபுரம் கடற்கரை நல்ல இடம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவே பாம்பன் கால்வாய். வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாகவும், வளைகுடா 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியதும் இந்தக் கடலின் கரையில்தான். பாம்பனில் ஒரு காலை நேரத்து மீன்பாட்டைக் கவனித்தாலே சாளை, சூரை, பாறை, நண்டு, கணவாய் என்று தசையின் பல வடிவங்கள் கண்ணில் படும்.

வெந்த மீனின் அடுக்குகள்

குழம்பில் வெந்த பாறை மீனை விரலால் தொட்டாலே சதை அடுக்கடுக்காகக் கழன்று வரும். ஆட்டுக்கறி அப்படி வராது. பிய்த்தால் நார் நாராகப் பிரியும். மீனின் ஒவ்வொரு அடுக்கும் ஒரு தனித் தசைத் துண்டம். தலையிலிருந்து வால்வரை இந்தத் துண்டங்கள் வளைந்து மடிந்து ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கின்றன. இடது பக்கத் துண்டங்கள் சுருங்கினால் உடல் இடப்பக்கம் வளையும். பிறகு வலது பக்கம் சுருங்கும். இந்த வளைவு அலையாக வாலுக்குப் போய்த் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ள, மீன் முன்னே போகிறது. இருபுறமும் மாறி மாறி இழுப்பது, அதில் பிறக்கும் தள்ளல்: நம் கேள்விக்கு முதல் விடை இது.

துண்டங்களுக்கு நடுவே மெல்லிய சவ்வுகள் உள்ளன. அவை கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. தசையை எலும்போடு கட்டும் நாண்களும் அதே புரதம்தான். முறுக்கிய மூன்று இழைகள் ஒன்றோடொன்று பிணைந்த அமைப்பு கொலாஜனுடையது என்று 1954இல் 'நேச்சர்' இதழில் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். சூடு பட்டால் இந்த முறுக்கு அவிழ்ந்து கொலாஜன் ஜெலட்டினாகக் கரையும். ஆட்டின் கொலாஜனைவிட மீனின் கொலாஜன் குறைந்த சூட்டிலேயே அவிழ்ந்துவிடுகிறது. அதனால்தான் மீனுக்குச் சில நிமிடக் கொதி போதும், கறிக்குக் குக்கர் விசில் கணக்கு வேண்டியிருக்கிறது.

சவ்வுகளை விட்டுத் தசைக்குள் போவோம். அங்கே இருப்பவை தசை நார்கள். ஒவ்வொரு நாரும் ஒரே செல். தலைமுடி அளவோ அதைவிட மெலிதாகவோ இருக்கும் இந்தச் செல், நம் உடலில் பல சென்டிமீட்டர் நீளம் போகக்கூடியது. வளர்ச்சியின்போது பல சிறு செல்கள் ஒன்றாக இணைந்து உருவானதால் ஒரே நாருக்குள் நிறைய உட்கருக்கள் இருக்கும். நாருக்குள் நீளவாக்கில் நுண்ணிழைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு நுண்ணிழையும் சார்கோமியர் எனப்படும் சின்னஞ்சிறு அலகுகள் வரிசையாகச் சேர்ந்தது. ஒரு சார்கோமியரின் நீளம் மனிதரில் சுமார் 2.5 மைக்ரான். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நாரில் அப்படி 40,000 அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒவ்வொன்றும் அரை மைக்ரான் சுருங்கினால், நார் மொத்தமாக 2 சென்டிமீட்டர் சுருங்கிவிடும்.

சார்கோமியருக்குள் இரண்டு வகை இழைகள் உண்டு. நடுவில் மயோசின் புரதத்தாலான தடித்த இழைகள். இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி நீளும் மெல்லிய ஆக்டின் இழைகள். தடித்த இழைகள் உள்ள பகுதி நுண்ணோக்கியில் கருமையாகவும், மெல்லியவை மட்டும் உள்ள பகுதி வெளிறியும் தெரியும். அடுத்தடுத்த நுண்ணிழைகளில் இந்தப் பட்டைகள் ஒரே நேர்கோட்டில் அமைவதால் நார் முழுவதும் குறுக்கு வரிகளாகத் தோன்றுகிறது. வரித்தசை என்று பள்ளிப் பாடநூல்கள் சொல்வது இதைத்தான்.

கரைவலை இழுப்பவர்கள்

தசை சுருங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, நீண்ட புரத மூலக்கூறுகளே மடிந்து குறுகுகின்றன என்று பலர் நினைத்தார்கள். 1954 மே 22ஆம் தேதியிட்ட 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்றை எழுதியவர்கள் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும்; மற்றதை எழுதியவர்கள் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் அல்லர். இரு குழுக்களும் தனித்தனியே கண்டது ஒன்றுதான்: தசை சுருங்கும்போது கரும்பட்டையின் அகலம் மாறுவதில்லை, வெளிர் பட்டைதான் குறுகுகிறது. அப்படியானால் எந்த இழையும் குறுகவில்லை. ஒன்றின்மேல் ஒன்று நழுவி உள்ளே போகிறது.

நழுவ வைப்பது எது? தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுப்பவர்களைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையின் கயிற்றை மணலில் வரிசையாக நின்று இழுக்கிறார்கள். ஒருவர் பிடித்து, பின்னோக்கி நடந்து, வரிசையின் கடைசிக்கு வந்ததும் பிடியை விட்டு, தண்ணீர் விளிம்புக்கு ஓடி மறுபடி பிடிக்கிறார். எல்லோரும் ஒரே நொடியில் கையை விட்டால் வலை கடலுக்கே திரும்பிவிடும். சிலர் விடும்போது மற்றவர் பிடித்திருப்பதால் கயிறு கரைப்பக்கம் மட்டுமே நகர்கிறது. தடித்த இழையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மயோசின் தலைகள் செய்வதும் இதுவே. ஓர் இழையில் சுமார் 300 மயோசின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள். ஒரு தலை ஆக்டினைப் பற்றி, சாய்ந்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு தூரம் இழுக்கும், விடும், நிமிரும், மறுபடி பற்றும். கயிறு அசையாமல் முரண்டு பிடித்தாலும் இழுப்பவருக்குக் களைப்பு வருகிறது அல்லவா? தலைகள் பற்றுவதும் விடுவதும் நிற்காமல் எரிபொருளைத் தின்றுகொண்டே இருப்பதுதான் காரணம்.

இழுக்கச் சொல்லும் உத்தரவு கால்சியத்தின் வடிவில் வருகிறது. ஓய்வில் ஆக்டின் இழையின் மேல் ஒரு புரத நூல் படிந்து மயோசின் பற்றும் இடங்களை மறைத்திருக்கும். நரம்பின் முனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்ததும் நாரின் மேலுறையில் மின்மாற்றம் ஒன்று ஓடி, சன்னமான குழாய்கள் வழியே உள்ளே இறங்குகிறது. அங்கே பைகளில் சேர்த்து வைத்த கால்சியம் கொட்டுகிறது. அது ட்ரோபோனின் என்ற புரதத்தோடு சேர்ந்ததும் மறைப்பு விலகுகிறது, தலைகள் பற்றுகின்றன. ட்ரோபோனினைக் கண்டறிந்தவர் ஜப்பானின் செட்சுரோ எபாஷி. அவருக்கு 80 ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் சிட்னி ரிங்கர் இதன் முதல் நுனியைப் பிடித்திருந்தார். தவளையின் இதயம் குழாய்த் தண்ணீரில் கரைத்த உப்புக் கரைசலில் துடித்தது, வடிநீரில் கரைத்ததில் துடிக்கவில்லை. வேறுபாடு குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம் என்று 1883இல் அவர் எழுதினார். மன்னார் வளைகுடாவின் பவளப் பாறையையும் சங்கின் ஓட்டையும் கட்டும் அதே தனிமம்தான் நம் ஒவ்வோர் அசைவுக்கும் உத்தரவாகிறது.

விறைப்பு சொல்லும் சேதி

மீன் வாங்கப் போகிறவர்கள் வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். உடல் தொங்காமல் கட்டையாக நின்றால் புதுமீன். செத்த மீன் ஏன் விறைக்கிறது?

தசையின் எரிபொருள் ஏடிபி என்ற மூலக்கூறு. அது இழுப்பதற்கே செலவாகிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் மயோசின் தலையில் புதிதாக ஓர் ஏடிபி வந்து ஒட்டினால்தான் தலை ஆக்டினை விடும். அந்த ஏடிபி உடையும்போது கிடைக்கும் ஆற்றலில் தலை நிமிர்ந்து அடுத்த இழுப்புக்குத் தயாராகும். மூச்சு நின்ற உடலில் ஏடிபி தீர்ந்துபோகிறது. பைகளிலிருந்து கசியும் கால்சியத்தைத் திரும்ப உள்ளே ஏற்றவும் ஆற்றல் இல்லை. தலைகள் பற்றிய இடத்திலேயே பூட்டிக்கொள்கின்றன. பிடியை விடுவதற்கும் விலை கொடுக்க வேண்டும் என்பதை விறைத்த மீன் காட்டுகிறது. தூண்டிலில் நெடுநேரம் போராடிய மீன் தன் இருப்பை முன்னதாகவே செலவழித்திருக்கும். அது சீக்கிரம் விறைக்கும். பிறகு செல்லின் நொதிகளே புரதங்களை அரிக்கத் தொடங்க, உடல் மறுபடி தளர்கிறது. ஐஸ் இந்த இரண்டையும் தாமதப்படுத்துகிறது.

உயிரோடு இருக்கும்போதும் ஏடிபி கையிருப்பு சில நொடிகளுக்கே போதும். தீரத் தீர உண்டாக்க வேண்டும். அதை எப்படி உண்டாக்குகிறது என்பதில்தான் சதையின் நிறம் இருக்கிறது. ஆக்சிஜனைக் கொண்டு நிதானமாக எரிக்கும் நார்களில் ஆக்சிஜனைத் தேக்கிவைக்கும் மயோகுளோபின் நிறைந்திருக்கும், அதனால் சிவப்பு. ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சர்க்கரையை அவசரமாக உடைக்கும் நார்கள் வெளிறியிருக்கும். முன்னவை நாளெல்லாம் உழைக்கும். பின்னவை பாய்ந்துவிட்டுச் சோர்ந்துவிடும். மீன் உடலின் பெரும்பகுதி வெள்ளைச் சதை, ஆபத்தில் ஒரு பாய்ச்சலுக்காக வைத்திருப்பது. சாளையைச் சுத்தம் செய்யும்போது தோலுக்கடியில் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதைப் பட்டைதான் அன்றாட நீச்சலுக்கு. ஓயாமல் நீந்தும் சூரைக்கு அந்தப் பட்டை மிகப் பெரிது. அது தோலோரம் நிற்காமல் முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கிறது. தசை செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாகிறது. மற்ற பெரும்பாலான மீன்களில் அந்த வெப்பம் செவுள் வழியே கடலுக்குப் போய்விடும். சூரையிலோ உள்ளே வரும் குளிர்ந்த இரத்தமும் வெளியே போகும் சூடான இரத்தமும் நெருக்கமான நுண்குழாய்களில் எதிரெதிராக ஓடி வெப்பத்தைக் கைமாற்றிக்கொள்கின்றன. அதன் உள்தசை சுற்றியுள்ள நீரைவிடச் சூடாகவே இருக்கிறது. சூடான தசை வேகமாகச் சுருங்கும்.

ஒரு முங்கலில் மூன்று தசைகள்

மனித உடலில் தசை மூன்று வகை. மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால், சங்கு எடுக்க மூச்சடக்கிக் கடலில் இறங்கும் ஒருவரைப் பார்க்கலாம்.

கை, கால், மூச்சுக்கான உதரவிதானம் ஆகியவற்றில் இருப்பவை எலும்புத் தசைகள். வரியுள்ளவை, நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவை. உடலில் இவை 600க்கு மேல். எடையில் ஏறக்குறைய 40 சதவீதம். உதரவிதானமும் தள்ளத் தெரியாததுதான். அது கீழிறங்கி மூச்சை உள்ளே இழுக்கும். சாதாரணமாக மூச்சு வெளியேறுவது நுரையீரலின் இயல்பான சுருங்கு தன்மையால். மூச்சடக்குபவர் உதரவிதானத்தை விருப்பத்தால் நிறுத்தி வைத்திருக்கிறார். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, விருப்பத்தை மீறி அது வெட்டி வெட்டித் துடிக்கும். மேலே வா என்று உடல் கொடுக்கும் எச்சரிக்கை அது. அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் காலோடு கல்லைச் சேர்த்துக்கொண்டு இறங்கியதற்கும், மேலே படகிலிருந்தவர் கயிற்றால் இழுத்ததற்கும் தசைக் கணக்கு ஒன்று உண்டு. கால்தசை உழைக்காத ஒவ்வொரு நொடியும் ஆக்சிஜன் மிச்சம். அந்த மிச்சம் அடியில் சிப்பி பொறுக்கும் நேரம்.

இரண்டாவது, இதயத் தசை. இதிலும் வரிகள் உண்டு, ஆனால் செல்கள் குட்டையானவை, கிளைவிட்டவை. பெரும்பாலும் ஓர் உட்கருதான். பக்கத்துச் செல்லோடு மின்சாரம் கடக்கும் இணைப்புகள் இருப்பதால் ஒன்று துடித்தால் அனைத்தும் துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் சிறிது நேரம் எந்தத் தூண்டலுக்கும் அசையாது. ஆகவே கைகால் தசைபோல் இழுத்துப் பிடித்துக்கொள்ளாது. சுருங்கிய இதயம் விரிவதும் தன் இழுப்பால் அல்ல. தசை தளர்ந்ததும் திரும்பி வரும் இரத்தம் அதை நிரப்புகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் துடிப்பு. மூச்சை அடக்கி முகத்தை நீரில் அமிழ்த்தியதும் துடிப்பின் வேகம் தானாகக் குறைகிறது. சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் உள்ள இந்தப் பழக்கம் நமக்கும் கொஞ்சம் உண்டு.

மூன்றாவது, மென்தசை. இரு முனையும் கூர்ந்த சிறு செல்கள், ஓர் உட்கரு, வரிகள் இல்லை. குடல், கருப்பை, இரத்தக் குழாய்ச் சுவர், கண்ணின் பாவையைச் சுருக்கும் வளையம் எல்லாம் இதுவே. நம் விருப்பத்தைக் கேட்காது, மெதுவாகச் சுருங்கும், குறைந்த செலவில் நெடுநேரம் பிடித்திருக்கும். முங்கியவரின் கைகால்களில் இரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள மென்தசை இறுகி, இருக்கும் ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்குகிறது.

பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, தீவுகளைச் சுற்றிய பாறைகளில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போவார்கள். மணிக்கணக்கில் நீருக்குள் வேலை. வெதுவெதுப்பான கடல்தான் என்றாலும் அது உடலைவிடக் குளிர்ந்தது. தொடர்ந்து வெப்பத்தை உறிஞ்சும். நடுக்கம் எடுத்தால், எலும்புத் தசைகள் எதையும் நகர்த்தாமல் வெப்பத்துக்காகவே ஏடிபியை எரிக்கின்றன என்று பொருள். கரையேறியதும் வரும் பெரும்பசிக்கு இதுவும் ஒரு காரணம்.

திருப்பி இழுக்க ஆள் வேண்டும்

சுருங்கிய தசையை மறுபடி நீட்ட வேறொன்று வேண்டும். மீனுக்கு மறுபக்கத் தசை, இதயத்துக்கு இரத்தம். எலும்பே இல்லாதவை என்ன செய்யும்?

நண்டுக்கு எலும்பு வெளியே. இடுக்கிக் காலை உடைத்துச் சாப்பிடும்போது சதைக்கு நடுவே வளைந்துகொடுக்கும் வெண்ணிறத் தகடு ஒன்று வரும்; பல்லில் பட்டால் துப்பிவிடுவோம். இடுக்கியை மூடும் தசையின் நார்கள் இரு பக்கமும் சாய்வாக வந்து சேரும் நாண் அதுதான். சாய்வாக அமைவதால் இடுங்கிய ஓட்டுக்குள் நிறைய நார்களை அடைக்க முடிகிறது. சார்கோமியரும் நம்முடையதைவிடப் பலமடங்கு நீளம். ஒரே இழையில் கூடுதல் தலைகள் பற்றுவதால் இழுவிசை அதிகம், வேகம் குறைவு. இடுக்கியைத் திறக்கும் தசை சிறியது, பலம் குறைந்தது. கயிற்றால் ஒரு சுற்றுக் கட்டினாலே நண்டு அடங்கிவிடுவது அதனால்தான். மண்டபம் பகுதியிலிருந்து ஏற்றுமதியாகும் நீலக்கால் நண்டில் அதிக விலை போகும் சதை, துடுப்பாக விரிந்த கடைசிக் காலை இயக்கும் பெரிய தசைக் கட்டி.

முத்துச்சிப்பிக்கு மூடும் தசை மட்டுமே உண்டு. திறக்கும் வேலை, இரு ஓடுகளையும் கீல்போல் இணைக்கும் மீள்தன்மையுள்ள நாணுடையது. மூடும்போது அமுங்கும் நாண், தசை தளர்ந்ததும் ஓட்டைத் திறக்கும். மட்டியை வேகவைத்தால் வாய் பிளப்பதும் இதனால்தான். இந்தத் தசையில் இரு பகுதிகள்: ஒன்று சட்டென மூடும், மற்றது மூடியதை மணிக்கணக்கில் பிடித்திருக்கும். பிடித்திருக்கும் பகுதி கிட்டத்தட்ட எரிபொருளே செலவழிப்பதில்லை. ட்விட்சின் என்ற புரதம் இழைகளை ஒன்றோடொன்று பூட்டி வைக்க, நரம்பிலிருந்து செரடோனின் வந்தால்தான் பூட்டு திறக்கும். செத்த மீனின் விறைப்புக்கு ஒப்பான ஒரு நிலையை, உயிரோடு இருக்கும் சிப்பி வேண்டும்போது வரவழைத்து வேண்டாதபோது கலைத்துக்கொள்கிறது.

பேய்க்கணவாய்க்கு எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. ஆனாலும் கையை நீட்டுகிறது. சதையின் கன அளவு மாறாது என்பதே அதற்கு ஆதாரம். கையின் குறுக்குத் தசைகள் சுருங்கினால் கை மெலியும். மெலிந்தால் நீண்டாக வேண்டும். நம் நாக்கும் யானையின் துதிக்கையும் இதே கணக்கில்தான் நீள்கின்றன. ஊசிக்கணவாயின் உடலுறையில் வட்டத் தசைகள் இறுகினால் உள்ளிருக்கும் நீர் குழல் வழியே பீறிட்டு, கணவாய் பின்னோக்கிப் பாயும். உறையின் சுவரை ஊடுருவி நிற்கும் குட்டைத் தசைகள் இறுகினால் சுவர் மெலிந்து உறை விரிந்து நீர் உள்ளே வரும். அதன் தோலில் இருக்கும் நிறப் புள்ளிகள்கூடத் தசையின் வேலை: ஒவ்வொரு நிறப் பையையும் சுற்றிலும் நுண்தசைகள் இழுத்தால் புள்ளி அகலும், விட்டால் ஒடுங்கும். படகில் ஏற்றிய கணவாயின் உடலில் நிறங்கள் சிறிது நேரம் மின்னி மின்னி ஓடுவதைப் பார்த்தவர்கள், ஆயிரக்கணக்கான தசைகள் தனித்தனியே சுருங்குவதை வெறும் கண்ணால் பார்த்தவர்கள்.

இத்தனை வேறுபாடுகளுக்கும் அடியில் இருப்பது ஒரே ஆக்டின், ஒரே மயோசின் குடும்பம். மாறுவது அவற்றை அடுக்கும் விதம், எரிபொருள், எதிரில் நின்று நீட்டும் பொருள்.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கணவாய் தப்பி ஓட வேண்டுமானால் உறை முழுவதும் ஒரே கணத்தில் இறுக வேண்டும். மூளைக்கு அருகில் உள்ள தசைக்கும் தொலைவில் உள்ள தசைக்கும் உத்தரவு எப்படி ஒன்றாகப் போய்ச் சேரும்? தொலைவுக்குப் போகும் நரம்பிழை தடிமனானது. தடித்த இழையில் சேதி வேகமாக ஓடும். கணவாயின் மிகத் தடித்த நரம்பிழை ஒரு மில்லிமீட்டர்வரை அகலம். 1936இல் ஜே.இசட். யங் அதை விவரித்தார். அதற்குள் மின்முனையைச் செருக முடிந்ததால்தான், நரம்பில் சேதி மின்சாரமாக எப்படிப் பயணிக்கிறது என்று ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணக்கிட்டார்கள். 1963இல் ஜான் எக்கிள்ஸுடன் நோபல் பரிசு பெற்றார்கள். 1954இல் தசை இழைகள் நழுவுவதைச் சொன்ன அதே ஹக்ஸ்லிதான் இவர். நரம்பை முடித்துவிட்டுத் தசைக்கு வந்தவர். நாம் தசையிலிருந்து நரம்புக்குப் போவோம். அடுத்த அத்தியாயம் அந்த ஒரு மில்லிமீட்டர் இழையைப் பற்றியது.